வில்லேஜ் ஆபீசர்தான் வி.ஏ.ஓ.வா? நோட்டீசில் ‘கலெக்டர்’ என்று இருப்பவர் கலெக்டர்தானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா பெயரில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எருத்தேம்பதியில் தென்னந்தோப்பு இருக்கிறது. நீங்கள் கோவையில் இருக்கிறீர்கள். நில எடுப்பு நோட்டீஸ் ஒன்று வந்திருக்கிறது. அதில் வரிக்கு வரி ‘கலெக்டர்’ என்றே இருக்கிறது, ஆனால் கீழே கையெழுத்துப் போட்டவர் டெபுடி கலெக்டர். இது செல்லுமா என்று கேட்கிறீர்கள். கைவசச் சான்று, அதாவது நிலம் உங்கள் கைவசம் இருக்கிறது என்பதற்கான சான்று வாங்க வில்லேஜ் ஆபீசரிடம் போகச் சொல்கிறார்கள், அவர் நம்மூர் வி.ஏ.ஓ.தானா என்பது இரண்டாவது சந்தேகம். சப் கலெக்டரும் ஆர்.டி.ஓ.வும் (வருவாய்க் கோட்டாட்சியர்) ஒருவரா இருவரா, ‘கலெக்டர்’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு என்னதான் அர்த்தம் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் சொல்லுக்குப் பொருள் கேட்பதுபோல் இருக்கிறது. உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது, உங்கள் காரியத்தை முடித்துத் தரும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நானும் அந்தப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். தமிழ் மீடியத்தில் படித்து, 1986-இல் கேரள ரெவின்யூ டிபார்ட்மெண்டில் கிளார்க்காகச் சேர்ந்து, டெபுடி தாசில்தாராக ஓய்வு பெற்றேன். வேலை பார்த்ததில் பாதிக்குமேல் எல்லையோரத் தாலுகாக்களில்தான். அந்தப் பக்கத்துத் தாளை இந்தப் பக்கத்துக்கும், இந்தப் பக்கத்துத் தாளை அந்தப் பக்கத்துக்கும் விளக்கிச் சொல்வது என் அன்றாட வேலையாக இருந்தது. நான் வக்கீல் அல்ல. பதவிகளையும் ஆபீஸ் நடைமுறையையும் பற்றி உறுதியாகச் சொல்வேன். இழப்பீட்டுத் தொகை சரியா, கோர்ட்டுக்குப் போகலாமா என்பதற்கு நில எடுப்பு வழக்கு நடத்திப் பழகிய வக்கீலைத்தான் பார்க்கவேண்டும்.

கலெக்டர் என்றால் வசூலிப்பவர், அவ்வளவுதான். கிழக்கிந்தியக் கம்பெனி 1772-இல் வங்காளத்தில் வரி வசூலை நேரடியாகத் தன் கையில் எடுத்தபோது அதற்கு வைத்த ஆட்களுக்கு இந்தப் பெயரை வைத்தது. தமிழில் இதற்கு நேரான பழைய சொல் தண்டல். வரி தண்டுதல் என்று இன்றும் எழுதுகிறோம். நகராட்சி பில் கலெக்டருக்கு வரித் தண்டலர் என்று பெயர். வீட்டு வரி ரசீது கிழிக்கிறவருக்கும் மாவட்டத்துக்கே தலைவராக இருப்பவருக்கும் இங்கிலீஷில் ஒரே சொல்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. தாசில்தார் என்ற சொல்லில் தாசில் என்பது அரபியில் வசூல், தார் என்பது பாரசீகத்தில் அதை வைத்திருப்பவர். ஆக, தாசில்தாரும் சொல்லளவில் கலெக்டர்தான். முகலாயர் காலத்து மொழியில் வந்த வசூல்காரர் தாலுகாவில் உட்கார்ந்தார், இங்கிலீஷில் வந்த வசூல்காரர் மாவட்டத்தில் உட்கார்ந்தார்.

கேரளத்தில் உங்கள் அப்பாவுக்கு ஒரு தண்டப்பேர் நம்பர் இருக்கும். கரம், அதாவது நிலவரி கட்டிய ரசீதில் பாருங்கள். ஒரு வில்லேஜில் ஒருவருக்கு உள்ள நிலம் எல்லாம் அந்த ஒரு கணக்கில் இருக்கும். தண்டலுக்குரிய பேர் என்பதுதான் தண்டப்பேர் ஆகியிருக்கவேண்டும் என்பது என் கணிப்பு. மலையாள ஆபீசில் முப்பது வருஷம் அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் நம் சொல் ஒன்று இங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு சந்தோஷம் இருக்கும்.

வசூல்காரர் என்பது சொல்லின் பிறப்பு. அதை வைத்து இன்றைய கலெக்டரின் வேலையைப் புரிந்துகொள்ள முடியாது. தமிழ்நாட்டில் ‘மாவட்ட ஆட்சியர்’ என்று பெயர் வைத்தவர்கள் சொல்லைத் தமிழாக்கவில்லை, வேலையைத் தமிழாக்கினார்கள். அது சரியான முடிவு என்பது என் கருத்து. மலையாளத்தில் அந்தச் சொல்லை அப்படியே ஜில்லா களக்டர் என்று வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பகுதியில் இந்தப் பதவிப் பெயர்கள் இவ்வளவு குழம்பிக் கிடப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி மலபார். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. முதலில் அங்கே கலெக்டர் கிடையாது. பம்பாய் அரசின் கீழ் மலபாருக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவருக்குப் பெயர் சூப்பர்வைசர். இன்றைக்குக் கட்டட வேலையில் மேஸ்திரிக்கு மேல் நிற்பவரை அப்படிச் சொல்கிறோம். 1800-இல் மலபார் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த பிறகுதான் பிரின்ஸிபல் கலெக்டர் என்று மேஜர் மெக்லியாட் வந்தார். ஆனால் எங்கள் சித்தூர் தாலுகா மலபார் அல்ல, கொச்சி ராஜாவின் நாடு. திருவிதாங்கூரிலோ மாவட்டத்துக்கு ஈடான டிவிஷனுக்குத் தலைவர் கலெக்டர் அல்ல, பேஷ்கார். செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்தான். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் அந்தச் செங்கோட்டைக்காரர். அவர் ஊரை ஆண்டது பேஷ்கார்; அவர் குறிவைத்தது எல்லைக்கு அப்புறம் திருநெல்வேலியை ஆண்ட கலெக்டரை.

1956-இல் கேரளம் உருவானபோது இந்த மூன்று நாட்டு வழக்கங்களும் ஒரே டிபார்ட்மெண்டுக்குள் வந்து சேர்ந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட, பாலக்காட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் வில்லேஜ் ஆபீசரை ‘அதிகாரி’ என்பார்கள். அது மலபாரில் அம்சம் என்ற கிராமப் பிரிவுக்கு அதிகாரி இருந்த காலத்துச் சொல். எங்கள் சித்தூர்ப் பக்கத்துக் கிழவர்கள் அதே ஆளைப் ‘பார்வத்தியக்காரர்’ என்பார்கள்; அது கொச்சிச் சொல்.

இப்போது உங்கள் நோட்டீசுக்கு வருகிறேன். கலெக்டர் என்பது ஒரு ஆளின் பெயர்ப்பலகை மட்டும் அல்ல, சட்டத்தில் அது ஒரு அதிகாரத்தின் பெயர். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் கலெக்டர் என்றால் யார் என்று வரையறை இருக்கிறது. மாவட்டக் கலெக்டர், அதோடு டெபுடி கமிஷனர், அதோடு அந்தச் சட்டப்படி கலெக்டரின் வேலையைச் செய்ய அரசு தனியாகக் குறித்து நியமித்த எந்த அதிகாரியும் அதில் அடக்கம். அரசு அப்படி ஒருவரை நியமித்துவிட்டால், அந்தச் சட்டத்துக்குள் அவர்தான் கலெக்டர். அவருடைய நாற்காலியில் டெபுடி கலெக்டர் என்று எழுதியிருந்தாலும் சரி. அதனால் கையெழுத்து டெபுடி கலெக்டருடையது என்பதற்காக மட்டும் நோட்டீஸ் செல்லாது என்று நினைத்து அதைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ‘இது பெரிய கலெக்டர் அனுப்பியது இல்லை, பயப்படாதே’ என்று டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு நாளைக் கோட்டைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல்கட்ட அறிவிப்பு, அதாவது 11-ஆவது பிரிவு அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கவேண்டும். அது 15-ஆவது பிரிவு. அந்த 60 நாள் உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

நோட்டீசின் தலைப்பில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று இருக்கும். முதலில் அதைப் படியுங்கள், கையெழுத்தைப் பிறகு பார்க்கலாம். நேஷனல் ஹைவேக்காக எடுக்கிறார்கள் என்றால் 1956-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் வரும். அதில் கலெக்டர் என்ற சொல்லே இந்த இடத்தில் இருக்காது, ‘தகுதியுள்ள அதிகாரி’ என்ற பொருளில் வேறொரு இங்கிலீஷ்ப் பெயர் இருக்கும். ஆட்சேபணைக்கு அங்கே 21 நாள்தான். உட்கார்ந்திருக்கும் ஆள் அதே டெபுடி கலெக்டராகவோ தனி தாசில்தாராகவோ இருக்கலாம். பெயரும் மாறுகிறது, நாளும் மாறுகிறது. இதேபோல் முத்திரைச் சட்டத்திலும் ஒரு கலெக்டர் உண்டு. தமிழ்நாட்டில் பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துக் காட்டியதாக வரும் நோட்டீஸ் தனித்துணை ஆட்சியர் முத்திரை என்பவரிடமிருந்து வரும். சட்டத்தின் வாசகத்தில் அவர் கலெக்டர். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்தில் திங்கட்கிழமை காலையில் வரிசையில் நிற்பவர்கள் எத்தனையோ பேர்.

மாவட்டக் கலெக்டரே ஒரே நாளில் இரண்டு மூன்று பெயரில் கையெழுத்துப் போடுவார். நிலம், வரி என்றால் கலெக்டர். கூட்டம் கூடத் தடை போடும்போது மாவட்ட மாஜிஸ்திரேட். பழைய 144 இப்போது, 2024 ஜூலை 1 முதல், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆவது பிரிவு. ஓட்டுப் பட்டியல் என்றால் மாவட்டத் தேர்தல் அதிகாரி. மாஜிஸ்திரேட் என்றதும் கோர்ட் என்று நினைக்கவேண்டாம்; இது நிர்வாக மாஜிஸ்திரேட், நீதித்துறையில் சேர்ந்தவர் அல்ல. ஆர்.டி.ஓ.வும் அப்படித்தான். பெற்ற பிள்ளைகள் சோறு போடவில்லை என்று வயதானவர்கள் கொடுக்கும் மனுவை 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாரிக்கும்போது அவர் ஒரு தீர்ப்பாயத்தின் தலைவர். சம்மனில் அந்தப் பெயர்தான் இருக்கும். ‘எந்தக் கோர்ட்டுங்க இது, பாலக்காட்டுல தேடித் தேடிப் பாத்தேன், காணோமே’ என்று வடகரப்பதியிலிருந்து வந்த ஒரு விவசாயி என் மேஜைக்கு முன்னால் நின்று கேட்டது நினைவிருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசைத் தாண்டித்தான் இரண்டு தடவை நடந்திருக்கிறார்.

சப், டெபுடி, அசிஸ்டெண்ட், ஜாயிண்ட் என்ற முன்னொட்டுகளுக்கு அகராதியைப் பார்த்தால் எல்லாமே துணை, உதவி, இணை என்றுதான் வரும். ஆபீசில் ஒவ்வொன்றும் தனிப் படி. ஐ.ஏ.எஸ். முடித்து முதலில் பயிற்சிக்கு வருபவர் அசிஸ்டெண்ட் கலெக்டர், தமிழ்நாட்டில் உதவி ஆட்சியர். பயிற்சி முடிந்து ஒரு கோட்டத்தின் பொறுப்பை ஏற்றால் அவர் சப் கலெக்டர், சார் ஆட்சியர். டெபுடி கலெக்டர் என்பவர் மாநிலப் பணியில் வந்தவர். தாசில்தாராக இருந்து பதவி உயர்வில் வந்தவராகவும் இருக்கலாம், துணை ஆட்சியர் என்கிறோம். கோட்டத்தின் பொறுப்பில் இருக்கும் டெபுடி கலெக்டருக்கு ஆர்.டி.ஓ. என்று பெயர், வருவாய்க் கோட்டாட்சியர். ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஒரு கோட்டத்தில் ஒரே நாற்காலிதான். ஐ.ஏ.எஸ். உட்கார்ந்தால் சப் கலெக்டர், இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ. உங்கள் மனுவைப் பொறுத்தவரை இரண்டு பேருக்கும் அதிகாரம் ஒன்றே. பாலக்காடு மாவட்டத்தில் பாலக்காடு, ஒற்றப்பாலம் என்று இரண்டு கோட்டம். சித்தூர் தாலுகா பாலக்காடு கோட்டத்தில் வரும்.

சொல்லை நம்பி ஏமாறும் இடங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது தமிழ்நாட்டுக் கலெக்டர் ஆபீசில் உள்ள ‘நேர்முக உதவியாளர் பொது’ என்ற பதவி. இங்கிலீஷில் பி.ஏ. ஜெனரல். பி.ஏ. என்றவுடன் போன் எடுத்துப் பேசுகிற, டைப் அடிக்கிற உதவியாளர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி. கலெக்டர் ஆபீசின் பொது நிர்வாகமே அவர் வழியாகப் போகிறது. ‘பி.ஏ.கிட்டக் குடுத்துட்டுப் போங்க’ என்று யாராவது சொன்னால் தட்டிக் கழிக்கிறார்கள் என்று வருத்தப்படவேண்டாம்.

அப்புறம், ஆர்.டி.ஓ. வேறு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று நாம் வாய்ப்பழக்கத்தில் சொல்லும் டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ் வேறு. நடுவில் வரும் எழுத்து ரெவின்யூ ஆபீசில் டிவிஷனைக் குறிக்கிறது, லைசென்ஸ் ஆபீசில் டிரான்ஸ்போர்ட்டைக் குறிக்கிறது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுவதால் வந்த சிக்கல் இது. ஆட்டோக்காரரிடம் ‘ரெவின்யூ’ என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள். தோப்பு இருக்கும் இடம் ரிக்கார்டில் இன்னும் நஞ்சை என்றே கிடக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி தரம் மாற்றும் மனு, அதாவது ரிக்கார்டில் நஞ்சை என்று இருப்பதை மாற்றக் கேட்கும் மனு, ஆர்.டி.ஓ.வுக்குத்தான் போகும். மனு குவிந்ததால் அண்மையில் டெபுடி கலெக்டர்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். இங்கேயும் சட்டம் ஒரு பதவியைச் சொல்ல, கையெழுத்து இன்னொரு பதவியிலிருந்து வரலாம்.

இனி வில்லேஜ் ஆபீசர். உங்களுடைய கேள்விகளில் எனக்கு மனதுக்கு நெருக்கமானது இதுதான். தமிழ்நாட்டில் முன்பு கர்ணம், மணியக்காரர், தலையாரி என்று பரம்பரையாக வந்த கிராம உத்தியோகங்கள் இருந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரு அவசரச் சட்டத்தில் கர்ணம், மணியக்காரர் போன்ற அந்தப் பதவிகளை ஒழித்தது. சட்டத்தின் வாசகத்தில் ஒழிக்கப்பட்டவர்களுக்குப் பெயர் ‘பகுதிநேர வில்லேஜ் ஆபீசர்கள்’. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1982-இல் அரசு பக்கம் தீர்ப்பானது. அவர்கள் இடத்தில் தேர்வெழுதி வந்தவர்கள்தான் வில்லேஜ் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஆபீசர், கிராம நிர்வாக அலுவலர், நாம் சொல்லும் வி.ஏ.ஓ. ஆக, தமிழ்நாட்டில் வில்லேஜ் ஆபீசர் என்பது ஒழிந்துபோன பதவியின் பெயர். கேரளத்தில் அது இன்றைக்கும் உயிரோடு இருக்கும் பதவி.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலையில் சேர்ந்த புதிதில், எல்லைக்கு அப்புறம் உள்ள ஒரு ஊரில் ஒருவருக்கு நிலம் இருக்கிறதா என்று விசாரித்து ‘வில்லேஜ் ஆபீசர்’ என்று முகவரி எழுதிக் கடிதம் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து, அப்படி ஒரு பதவி இங்கே இல்லை என்று ஒரே வரியில் குறிப்பெழுதித் திரும்ப வந்தது. அந்த இரண்டு மாதமும் ஒரு குடும்பத்தின் வாரிசுச் சான்று எங்கள் ஆபீசில் முடங்கிக் கிடந்தது. அந்த வீட்டுப் பெரியவர் வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவார். அதற்குப் பிறகு எந்த மாநிலத்துக்குக் கடிதம் எழுதினாலும் அந்த ஊரில் பதவிக்கு என்ன பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுதியதில்லை.

பெயரில் மட்டும் வித்தியாசம் என்றால் பரவாயில்லை, அதிகாரத்திலும் வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாட்டு வி.ஏ.ஓ. பெரும்பாலும் விசாரித்து அறிக்கை கொடுப்பவர். வருமானச் சான்றில் கையெழுத்துப் போடுவது தாசில்தாரோ மண்டல துணைத் தாசில்தாரோதான். கேரளத்தில் வருமானச் சான்று, கைவசச் சான்று, லொக்கேஷன் சர்ட்டிபிகேட் எல்லாம் வில்லேஜ் ஆபீசரே கொடுப்பார். சிக்கலில்லாத போக்குவரவும் அவர் மேஜையிலேயே முடிந்துவிடும். போக்குவரவு என்றால் நீங்கள் பட்டா மாற்றம் என்று சொல்வதுதான்.

இந்த வித்தியாசத்தால் அடிபடுவது பிள்ளைகள். ஒரு ஜூன் மாதம் சாயங்காலம் நாலு மணி இருக்கும். கோவையில் ஒரு காலேஜில் சீட் கிடைத்த பெண்ணும் அவள் அம்மாவும் எங்கள் தாலுகா ஆபீசுக்கு மூச்சிரைக்க வந்தார்கள். வில்லேஜ் ஆபீசர் கொடுத்த வருமானச் சான்று அவள் கையில் இருந்தது. காலேஜ் கிளார்க் ‘வி.ஏ.ஓ. சைன் பண்ணினது செல்லாது, தாசில்தார் சைன் வேணும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். அந்தப் பெண் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். சான்றில் தப்பே இல்லை. எங்கள் மாநிலத்தில் அதைக் கொடுக்க உரியவர் வில்லேஜ் ஆபீசர்தான்.  நான் ஒரு தாளில், கேரள அரசு நடைமுறைப்படி இந்தச் சான்றை வழங்கும் அதிகாரம் பெற்றவர் வில்லேஜ் ஆபீசர், தமிழ்நாட்டில் தாசில்தார் வழங்கும் சான்றுக்கு இது ஈடானது என்று இங்கிலீஷில் எழுதி, தாசில்தாரிடம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்தும் சீலும் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அட்மிஷன் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளைக்கு நேர்ந்தால், இதுபோல் ஒரு விளக்கக் கடிதம் கிடைக்குமா என்று தாலுகா ஆபீசில் கேளுங்கள்.

ஆந்திர எல்லையில் இதே கதை வேறு பெயரில் நடக்கிறது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழர்களுக்குக் கிராமத்தில் இருப்பவர் வி.ஆர்.ஓ., வில்லேஜ் ரெவின்யூ ஆபீசர். அங்கே 1985-இல் என்.டி.ஆர். அரசு தாலுகாவை எடுத்துவிட்டு மண்டலங்களாகப் பிரித்தது. மண்டலத்துக்குத் தலைவர் முதலில் மண்டல் ரெவின்யூ ஆபீசர், எம்.ஆர்.ஓ.; பிற்பாடு அவருக்கே தாசில்தார் என்ற பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் ஆந்திரத் தாசில்தார் என்றால் நம் தாலுகாவைவிடச் சின்ன இடத்துக்குப் பொறுப்பானவர். இன்னமும் மக்கள் வாயில் எம்.ஆர்.ஓ.தான். நிலச் சமாச்சாரம் மேலே போனால் அங்கே ஜாயிண்ட் கலெக்டர் என்பவரிடம் போகும். குப்பத்தைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் கலெக்டரே இல்லை, டெபுடி கமிஷனர்தான் மாவட்டத் தலைவர். மைசூரை 1831 முதல் 1881 வரை பிரிட்டிஷ் கமிஷனர்கள் ஆண்டார்கள். அவர்களுக்குக் கீழே மாவட்டத்தைப் பார்த்தவர் என்பதால் டெபுடி. அந்த டெபுடியைப் பார்த்து இவர் இரண்டாம் நிலை அதிகாரி என்று நினைக்கவேண்டாம். நில எடுப்புச் சட்டம் கலெக்டருக்கான வரையறையில் டெபுடி கமிஷனரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பது இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான்.

நேரில் போகும்போது ஒன்று. கேரளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குச் சிவில் ஸ்டேஷன் என்று பெயர், தாலுகா அளவில் மினி சிவில் ஸ்டேஷன். ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டு, ‘நான் என்ன தப்புப் பண்ணினேன், ஸ்டேஷனுக்கெல்லாம் வரமாட்டேன் சாமி’ என்று ஒரு பாட்டி வீட்டை விட்டு இறங்க மறுத்திருக்கிறார். நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அங்கே போலீஸ் இல்லை, பென்ஷன் கொடுக்கிறவர்கள்தான் இருக்கிறார்கள் என்று சொல்லி அழைத்துப்போனேன். உங்கள் அப்பாவை அழைத்துப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மனுவை இங்கிலீஷில்தான் எழுதவேண்டும் என்று இல்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் இடம் இருக்கிறது. எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ் மனு வாங்குவது புதிது அல்ல. தமிழில் எழுதினாலும் பதவிப் பெயரை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். ‘கிராம நிர்வாக அலுவலர், எருத்தேம்பதி’ என்று எழுதினால் அப்படி ஒருவர் இங்கே இல்லை. ‘வில்லேஜ் ஆபீசர், எருத்தேம்பதி வில்லேஜ், சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்’ என்று எழுதுங்கள். ஆளின் பெயரை எழுதவேண்டாம், மாற்றலாகிப் போயிருந்தால் கடிதம் அவர் பின்னாலேயே போகும். கைவசச் சான்றுக்கு அக்ஷயா சென்டரில், அதாவது கேரளத்தின் இ-சேவை மையத்தில், ஆன்லைனிலேயே போடலாம். ஆதாரத்தின் நகல், அதாவது கிரயப் பத்திரம், கடைசியாகக் கரம் கட்டிய ரசீது இரண்டையும் கொண்டுபோங்கள்.

நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது, அதில் கையெழுத்துக்குக் கீழே என்ன பதவி அச்சாகியிருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் முகவரியில் எழுதுங்கள். கலெக்டர் பெரியவர் என்று அவருக்கு மட்டும் அனுப்பினால், அது திரும்ப அந்த டெபுடி கலெக்டர் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் உங்கள் 60 நாளில் ஒரு பகுதி போய்விடும். வேண்டுமானால் கலெக்டருக்கு ஒரு நகல் அனுப்பலாம். ஸ்பீட் போஸ்டில், டெலிவரி ஆனதற்கான ஒப்புகையோடு அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். பின்கோடு 678-இல் தொடங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது, அதன் பின்கோடு 517-இல் தொடங்கும். ‘தாசில்தார், சித்தூர்’ என்று மட்டும் எழுதி அந்தச் சித்தூருக்குப் போகவேண்டிய கவர்கள் எங்கள் தபால் பையில் வருவதும், எங்களுக்கு வரவேண்டியவை அங்கே போய் நாள் கடந்து வருவதும் நான் வேலையில் இருந்த காலம் முழுக்க நடந்தது.